பி.எஸ்.ஏ. 8.6: வீக்கமா, புற்றுநோயா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 66, ஊர் பள்ளத்தூர். இந்தத் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தேன். பனியில் சளி பிடித்துக்கொண்டது. மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டேன். அன்றிரவே ஒன்றுக்குப் போக முடியாமல் சுத்தமாக அடைத்துக்கொண்டது. நத்தம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு, நான்கு நாள் கழித்து எடுத்தார்கள். ஸ்கேனில் புராஸ்டேட் 62 கிராம் என்று இருந்தது. டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது நீர் போகிறது, ஆனால் இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து பின்கட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது, கொஞ்சம் எரிச்சலும் உண்டு. ஊர் திரும்பிப் பத்து நாளில் இங்கே நடந்த முகாமில் ரத்தம் கொடுத்தேன். பி.எஸ்.ஏ. 8.6 என்று வந்துவிட்டது. 4-க்கு மேல் இருந்தால் புற்றுநோய்க்குப் பார்க்க வேண்டும் என்று தாளிலேயே அச்சடித்திருக்கிறது. அண்ணனுக்கு 71 வயது. அவருக்கும் புராஸ்டேட் வீக்கம். மூன்று வருடமாக டியூட்டாஸ்டரைடு கலந்த மாத்திரை சாப்பிடுகிறார். அதே முகாமில் அவருக்கு 3.4, போன வருடம் 2.1. 'எனக்கு நார்மல், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் உடனே பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறான். மகள் வயிற்றுப் பேரன் பயோடெக்னாலஜி படிக்கிறான். வீக்கத்தையும் புற்றுநோயையும் பிரித்துச் சொல்லும் புரத மார்க்கர்கள் வந்துவிட்டன, ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியே வேண்டாம் என்கிறான். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று ஊரில் சொல்வதைக் கேட்டு வீட்டு ஆச்சி (என் மனைவி) தூங்குவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்? பெயர் போட வேண்டாம்.

பதில்:

ஐயா, வணக்கம். இந்த 8.6-ஐ வைத்துக்கொண்டு உங்களுக்குப் புற்றுநோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்த நேரம் சரியில்லை. சிறுநீர் அடைத்து, டியூப் போட்டு எடுத்து, எரிச்சல் இருக்கும்போது எடுத்த பி.எஸ்.ஏ. உயர்ந்துதான் இருக்கும். ஆச்சியிடம் இதை முதலில் சொல்லுங்கள். அண்ணனுடைய 3.4 விஷயம் வேறு. அவர் அதை நார்மல் என்று நினைப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பி.எஸ்.ஏ. என்பது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இல்லை. அது சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி தினமும் செய்கிற ஒரு புரதம், புரதங்களை வெட்டும் ஒரு நொதி. விந்து வெளியானதும் முதலில் கூழ் மாதிரி இருக்கும். அதைக் கெட்டியாக வைத்திருக்கும் செமினோஜெலின் என்ற புரதத்தை வெட்டி நீர்க்கச் செய்வதுதான் இதன் வேலை. நல்ல சுரப்பியும் இதைச் செய்கிறது, வீங்கிய சுரப்பியும் செய்கிறது, புற்றுநோய் செல்களும் செய்கின்றன. வழக்கமாக அது சுரப்பிக்குள் இருக்கும் நாளங்களில், அதாவது சுரக்கும் நீர் போகும் சிறு குழாய்களில், இறங்கிப் போய்விடும். ரத்தத்துக்குள் கசிவது மிகமிகக் கொஞ்சம். அந்தக் கசிவைத்தான் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று லேபில் அளக்கிறார்கள்.

கசிவு கூடுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. சுரப்பி பெரிதானால் செய்யும் அளவும் கூடும், கசிவும் கூடும். கிருமித் தொற்று வந்தால், டியூப் போட்டால், நீர் அடைத்துச் சுரப்பி அழுந்தினால், செல்களுக்கும் ரத்தக் குழாய்க்கும் நடுவே உள்ள தடுப்பு சேதமாகி நிறையக் கசியும். புற்றுநோயில் அந்தத் தடுப்பே கலைந்துபோகிறது. ஒரு கிராம் திசுவுக்குக் கணக்குப் பார்த்தால் புற்றுநோய்த் திசுவிலிருந்து ரத்தத்துக்கு வரும் பி.எஸ்.ஏ. வீங்கிய திசுவைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. எல்லாக் கசிவும் ஒரே எண்ணாக வந்து நிற்பதால்தான் இவ்வளவு குழப்பமும்.

4 என்ற கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1986-இல் இந்தச் சோதனைக்கு முதலில் அனுமதி கொடுத்தது, ஏற்கெனவே புற்றுநோய் இருப்பவர்களைக் கண்காணிக்கத்தான். நோயைக் கண்டுபிடிக்க உதவும் சோதனையாக, ஆசனவாய் வழியே தொட்டுப் பார்க்கும் விரல் பரிசோதனையோடு சேர்த்து 1994-இல் அனுமதித்தார்கள். அப்போது நிலைத்துவிட்டது 4. இதற்கு மேல் நோய், கீழே ஆரோக்கியம் என்று உடம்பு கோடு போட்டு வைத்திருக்கவில்லை. 4 முதல் 10 வரை இருப்பவர்களுக்குப் பயாப்சி எடுத்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் தெரியும். மற்ற மூவருக்கும் வீக்கமோ அழற்சியோ. அதே நேரம், 4-க்குள்ளேயே இருந்தவர்களுக்கும் பயாப்சி எடுத்துப் பார்த்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 2004-இல் வெளியானது. அவர்களிலும் 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது, பெரும்பாலும் வீரியம் குறைந்த வகை. ஆக, அந்தத் தாளில் அச்சடித்த வரியைப் பார்த்து நீங்கள் அவ்வளவு பயந்திருக்க வேண்டாம். அண்ணன் அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கவும் வேண்டாம்.

இரவில் அடிக்கடி எழுவது, நீர் மெல்லிசாக வருவது, அடைத்துக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் வீக்கத்தின் வேலை. சுரப்பியின் நடுவே சிறுநீர்ப் பாதை போகிறது. வயதானால் வரும் வீக்கம் அந்தப் பாதையை ஒட்டிய உள்பகுதியில் வளர்கிறது. புற்றுநோயோ பத்தில் ஏழு பேருக்கு வெளிப்பகுதியில் தொடங்குகிறது. நம் ஊர் வீட்டில் நடையின் இரண்டு பக்கச் சுவரும் உள்ளே தடித்துக்கொண்டு வந்தால் ஆள் போக முடியாது, உடனே தெரியும். கொல்லைப்புற வெளிச்சுவரில் விரிசல் விட்டால் நடையில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஆரம்பநிலைப் புற்றுநோய் அப்படித்தான், தொந்தரவே கொடுக்காது. வீக்கம் நாளடைவில் புற்றுநோயாக மாறும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி மாறுவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே சுரப்பியில் ஒரே சமயத்தில் இருக்கலாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. இந்த வாரமே ஒரு சிறுநீரக அறுவை மருத்துவரைப் பாருங்கள். விரல் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கூச்சத்தினால் நம் பக்கத்தில் இதைத் தட்டிக்கழிப்பவர்கள் அதிகம். ஒரு நிமிடம்கூட ஆகாது. சுரப்பியின் வெளிப்பகுதிதான் ஆசனவாய்ப் பக்கம் இருக்கிறது, அதாவது புற்றுநோய் அதிகம் வரும் இடம் விரலுக்கு எட்டும் இடம். வீக்கம் என்றால் ரப்பர் மாதிரி மிருதுவாக இருக்கும். கல் மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டால் பி.எஸ்.ஏ.-வைத் திரும்ப எடுக்க ஆறு வாரம் காத்திருப்பதெல்லாம் கிடையாது, நேரே அடுத்த கட்டம்தான். கூடவே சிறுநீர்ப் பரிசோதனையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் கொடுங்கள். எரிச்சல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டியூப் போட்டவர்களுக்குத் தொற்று சகஜம். இருந்தால் கல்ச்சரில் வந்த கிருமிக்கு ஏற்ற மருந்தை, சொன்ன நாள் முழுவதும் சாப்பிடுங்கள். கிரியேட்டினின் பாருங்கள், அடைப்பு சிறுநீரகத்தைப் பாதித்திருக்கிறதா என்று தெரியும். ஒன்றுக்குப் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் அளக்கச் சொல்லுங்கள்.

பி.எஸ்.ஏ.-வைத் தொற்று குணமாகி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். ரத்தத்தில் கலந்த பி.எஸ்.ஏ. இரண்டு மூன்று நாளில் பாதியாகக் குறையும் பொருள்தான். ஆனால் புண்பட்ட சுரப்பி ஆறும் வரை புதிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். அதற்காகத்தான் இந்த இடைவெளி. சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்திய உறவு வேண்டாம், நீண்ட தூரம் சைக்கிளும் மிதிக்க வேண்டாம். ஒரே லேபில் எடுங்கள். ஒவ்வொரு கம்பெனி கருவியிலும் அளவு கொஞ்சம் வித்தியாசப்படும். காரைக்குடியில் ஒரு தடவை, மதுரையில் ஒரு தடவை என்று எடுத்தால் ஏறியதா, கருவி மாறியதா என்று குழப்பம் வரும். தலைமுடிக்கு, நகத்துக்கு என்று அதிக அளவு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள், சில கருவிகளில் அளவைக் கெடுக்கும்.

திரும்ப எடுக்கும்போது 8.6 குறைந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. குறைந்து வந்ததையும் உங்கள் 62 கிராமோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நடுத்தர வயதில் சாதாரண சுரப்பி 20 முதல் 25 கிராம்தான், உங்களுடையது அதைப்போல் இரண்டரை மடங்கு. பி.எஸ்.ஏ.-வைச் சுரப்பியின் அளவால் வகுத்துப் பார்க்கும் ஒரு கணக்கு உண்டு. 0.15-க்கு மேல் போனால் சந்தேகம் கூடும். உங்கள் 8.6-ஐ 62-ஆல் வகுத்தால் 0.14, கோட்டை ஒட்டி நிற்கிறது. அடுத்த தடவை 5 என்று வந்தால் அது 0.08. அப்போது இவ்வளவு பெரிய சுரப்பிக்கு இது பொருந்துகிற அளவுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். அதே 5, 25 கிராம் சுரப்பி உள்ளவருக்கு வந்தால் 0.2. அவரை நான் சும்மா அனுப்ப மாட்டேன்.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். டியூட்டாஸ்டரைடு என்பது டெஸ்டோஸ்டிரோன் இன்னும் வீரியமான ஹார்மோனாக மாறுவதைத் தடுக்கும் மருந்து. ஃபினாஸ்டரைடும் அதே குடும்பம். சுரப்பி மெதுவாகச் சுருங்கும், பி.எஸ்.ஏ.-வும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். எனவே இந்த மாத்திரை சாப்பிடுகிறவரின் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். அண்ணனுடைய 3.4 உண்மையில் 6.8-க்குச் சமம். அதைவிட முக்கியமானது, போன வருடம் 2.1 இருந்தது இப்போது 3.4 ஆகியிருப்பது. இந்த மாத்திரை சாப்பிடும்போது பி.எஸ்.ஏ. இறங்கி ஓர் அடிமட்டத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து மேலே ஏறினால், 4-க்குள் இருந்தாலும் சரி, காரணம் தேடியே ஆக வேண்டும். முகாமில் கம்ப்யூட்டர் அச்சடிக்கும் தாளுக்கு அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாது.

அண்ணனிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: மாத்திரையை நடுவில் விட்டாரா? சில மாதம் விட்டிருந்தால் அந்த ஏற்றத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறியிருந்தால் இந்த மாதத்துக்குள் அவரும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விரல் பரிசோதனை, மறுபடி ஒரு பி.எஸ்.ஏ., பிறகு பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. பயந்துபோய் அவராக மாத்திரையை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் சுரப்பி திரும்ப வளரும், அளவும் ஏறிக் கணக்கே குழம்பிவிடும். ஒருவேளை அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் அது உங்களுக்கும் முக்கியமான செய்தி. அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. உங்கள் மகனும் தன் மருத்துவரிடம் சொல்லி வைக்க வேண்டும். இன்னொன்று, முடி கொட்டுவதற்கு இளைஞர்கள் சாப்பிடும் ஒரு மில்லிகிராம் ஃபினாஸ்டரைடும் பி.எஸ்.ஏ.-வைக் குறைக்கும். தோல் டாக்டர் கொடுத்த மாத்திரைதானே என்று பலரும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பேரன் சொன்னதில் பாதி சரி. படிக்கிற பிள்ளை தாத்தாவுக்காகத் தேடிப் பார்த்திருக்கிறான், அவனுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. இரண்டு விதமாக ஓடுகிறது. பெரும்பகுதி ஆல்ஃபா-1 ஆன்டிகைமோடிரிப்சின் என்ற இன்னொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும். மீதி எதோடும் ஒட்டாமல் தனியாக ஓடும், அதைத்தான் ஃப்ரீ பி.எஸ்.ஏ. என்கிறோம். வீங்கிய சுரப்பியில் பி.எஸ்.ஏ. நாளங்களுக்குள் கிடந்து வெட்டுப்பட்டு, மற்றப் புரதங்களை வெட்டும் வேகத்தை இழந்துவிடுகிறது. அப்படிப்பட்டது ரத்தத்துக்கு வந்தால் எதோடும் ஒட்டாது. புற்றுநோயில் நாளத்துக்குப் போகாமல் நேரே ரத்தத்துக்குள் கசிவதால் வேகம் குறையாமல் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதனால் புற்றுநோயில் ஃப்ரீ பங்கு குறைவு, வீக்கத்தில் அதிகம். 1998-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பி.எஸ்.ஏ. 4 முதல் 10 வரை இருந்தவர்களில் ஃப்ரீ பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு 56 சதவீதம் புற்றுநோய் வாய்ப்பு, 25 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு 8 சதவீதம்தான். உங்கள் மறுசோதனை 4-க்கும் 10-க்கும் நடுவே வந்தால் இதைச் சேர்த்து எடுக்கலாம்.

ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃப்ரீ பி.எஸ்.ஏ. சீக்கிரம் சிதையும். ரத்தம் எடுத்து மூன்று மணி நேரத்துக்குள் சீரம் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். கிராமத்துக் கலெக்ஷன் சென்டரில் காலையில் எடுத்து, வெயிலில் வேனில் போய், மறுநாள் சென்னையில் பார்த்தார்கள் என்றால் ஃப்ரீ பங்கு பொய்யாகக் குறைந்து காட்டும், வீணாகப் பயம் வரும். இதற்கு மட்டும் லேபுக்கே நேரில் போய் ரத்தம் கொடுங்கள்.

இதற்கு அடுத்த தலைமுறையும் உண்டு. பி.எஸ்.ஏ. முழுதாக உருவாகும் முன் இருக்கும் புரோ-பி.எஸ்.ஏ. வடிவங்களில் ஒன்று புற்றுநோயில் கூடுதலாகக் காணப்படுகிறது. அதை மொத்த அளவோடும் ஃப்ரீ அளவோடும் சேர்த்துக் கணக்கிடுவது பி.எச்.ஐ. என்ற குறியீடு. அமெரிக்காவில் 2012-இல் அனுமதி பெற்றது. 4கே ஸ்கோர் என்பது பி.எஸ்.ஏ.-வின் மூன்று வடிவங்களோடு அதன் உறவுக்காரப் புரதம் ஒன்றையும், வயது முதலிய விவரங்களையும் சேர்த்துப் பார்ப்பது. சிறுநீரில் பார்க்கும் பி.சி.ஏ.3 புரதமே இல்லை, அது ஆர்.என்.ஏ. என்பதைப் பேரனிடம் சொல்லுங்கள். இவை எல்லாம் நல்ல சோதனைகள். 4-க்கும் 10-க்கும் நடுவில் தவிக்கிறவர்களில் யாருக்குப் பயாப்சி தேவையில்லை என்று பிரிக்க உதவுகின்றன. பயாப்சிக்குப் பதில் ஆகிவிடாது. ரத்தத்தில் ஓடும் எந்தப் புரதமும் இன்றைக்கு இது வீக்கம், இது புற்றுநோய் என்று முடித்துச் சொல்வதில்லை, வாய்ப்பு எவ்வளவு என்று மட்டுமே சொல்கிறது. புற்றுநோய் மார்க்கர் பேக்கேஜ் என்று ஏழெட்டுச் சோதனைகளைச் சேர்த்து விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். அதில் இருக்கும் சி.இ.ஏ. என்ற சோதனைக்கும் உங்கள் புராஸ்டேட் கேள்விக்கும் சம்பந்தமில்லை. பணம் போவதோடு புதிதாக ஒரு கவலையும் வந்து சேரும்.

பிரித்துச் சொல்லும் புரத மார்க்கர் உண்மையில் இருப்பது திசுவில். பேரனுக்கு இது பிடிக்கும். நல்ல சுரப்பியிலும் வீங்கிய சுரப்பியிலும் ஒவ்வொரு நாளத்தைச் சுற்றியும் இரண்டு அடுக்குச் செல்கள் இருக்கும். உள் அடுக்கு சுரக்கும், வெளி அடுக்கு அடித்தளம். புற்றுநோயில் அந்த அடித்தள அடுக்கு காணாமல் போய்விடும். சந்தேகமான இடத்தில் நோயியல் மருத்துவர் அந்த அடித்தளச் செல்களுக்கே உரிய பி63 என்ற புரதத்துக்கும், உயர் மூலக்கூறு எடை சைட்டோகெரட்டினுக்கும் சாயம் ஏற்றிப் பார்ப்பார். நாளத்தைச் சுற்றிச் சாயம் பிடித்தால் அடித்தளம் இருக்கிறது, பெரும்பாலும் கெடுதல் இல்லாத வீக்கம். சுத்தமாகப் பிடிக்கவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும். கூடவே ஏ.எம்.ஏ.சி.ஆர். என்ற நொதிக்கும் சாயம் ஏற்றுவார்கள். அது கொழுப்பு அமிலங்களை எரிக்கும் வேலையில் இருக்கும் ஒரு புரதம், புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். அடித்தளச் சாயம் பிடிக்காமல், ஏ.எம்.ஏ.சி.ஆர். அழுத்தமாகப் பிடித்து, மைக்ராஸ்கோப்பில் செல்களின் அமைப்பும் கெட்டிருந்தால் மூன்றும் ஒத்துப்போகின்றன. ஒன்றை மட்டும் நம்ப முடியாது. கெடுதல் இல்லாத சில நாளங்களும் ஏ.எம்.ஏ.சி.ஆர். காட்டும், வீக்கத்திலும் சில இடங்களில் அடித்தளம் விட்டுவிட்டு இருக்கும். எந்தச் சாயமானாலும் பார்ப்பதற்குத் திசு வேண்டும். திசு எடுக்கப் பயாப்சி வேண்டும்.

அதற்காக உடனே ஊசிக்குப் போகச் சொல்லவில்லை. மறுசோதனையிலும் உயர்ந்தே இருந்தால் முதலில் எம்.ஆர்.ஐ. எடுப்பதுதான் இப்போதைய முறை. காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போய்வரும் ஒரு நாள் வேலை. ரிப்போர்ட்டில் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் இருக்கும். 1, 2 என்றால் சந்தேகம் குறைவு, 4, 5 என்றால் அந்த இடத்தைக் குறிவைத்துப் பயாப்சி எடுக்க வேண்டும். 2018-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் எம்.ஆர்.ஐ.-யை முதலில் எடுத்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பயாப்சியே தேவைப்படவில்லை. எடுத்தவர்களிலும் கவலைப்பட வேண்டிய புற்றுநோய்கள் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டன. பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மகன் சொன்ன பெட் ஸ்கேன் இந்தக் கட்டத்துக்கு வேண்டாம். புராஸ்டேட்டுக்கு என்று எடுப்பது பி.எஸ்.எம்.ஏ. பெட். புராஸ்டேட் செல்களின் மேல்பரப்பில் இருக்கும் இன்னொரு புரதத்தில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தைச் செலுத்திப் பார்ப்பது. புற்றுநோய் உறுதியாகி, அது வீரியமான வகையாக இருக்கும்போது எலும்புக்கோ நிணநீர் முடிச்சுக்கோ போயிருக்கிறதா என்று பார்க்க அது அருமையான சோதனை. நோயே உறுதியாகாதபோது அதில் தொடங்கக் கூடாது. மகன் தூரத்தில் இருந்து பதறுகிறார், அது இயல்பு. என்ன வரிசையில் செய்யப் போகிறோம் என்று அவரிடம் நீங்களே எழுதி அனுப்பிவிட்டால் கொஞ்சம் அமைதியாவார்.

ஊசி குத்தினால் பரவும் என்ற பயத்தால் எத்தனையோ பேர் காலம் தாழ்த்தி, முதுகெலும்பு வலியோடு, பி.எஸ்.ஏ. நூற்றுக்கணக்கில் ஏறிய பிறகு வருகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாகப் புராஸ்டேட் பயாப்சி எடுக்கிறார்கள், ஊசி போன தடத்தில் புற்றுநோய் முளைப்பது அரிதிலும் அரிது. கவனிக்க வேண்டிய ஆபத்து தொற்றுதான். ஆசனவாய் வழியாக எடுக்கும்போது தொற்று வாய்ப்பு கொஞ்சம் அதிகம், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோல் வழியாக எடுத்தால் குறைவு. எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். சிறுநீரில் சில நாள், விந்தில் சில வாரம் ரத்தம் தெரியலாம், பயப்பட வேண்டாம். காய்ச்சல் வந்தால் மட்டும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. இதயத்துக்காக ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒருவேளை புற்றுநோய் என்றே வந்தாலும், உங்கள் வயதில் இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம் இல்லை. பயாப்சி ரிப்போர்ட்டில் நோயின் வீரியத்தைக் காட்டும் கிரேடு குரூப் 1 முதல் 5 வரை போட்டிருக்கும். 1 என்றால் பெரும்பாலும் அறுவையும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம். குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவையானால் பயாப்சி என்று கண்காணித்துக்கொண்டே இருக்கலாம். பிரிட்டனில் ஆரம்பநிலைப் புற்றுநோய் உள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்று பிரிவாக்கி 15 வருடம் தொடர்ந்து பார்த்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். எந்தப் பிரிவானாலும் ஏறத்தாழ 97 சதவீதம் பேர் இந்தப் புற்றுநோயால் சாகவில்லை. கிரேடு கூடுதலாக இருந்தால் சிகிச்சை கட்டாயம் வேண்டும், அதற்கும் இப்போது நல்ல வழிகள் இருக்கின்றன. அந்தப் பேச்சை அந்த ரிப்போர்ட் கையில் இருக்கும்போது பேசுவோம்.

முகாம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். ஆனால் பி.எஸ்.ஏ. எடுக்கும் முன் டியூப் போட்டதுண்டா, நீர்க்கடுப்பு இருக்கிறதா, புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையை எல்லோருக்கும் பொதுவாகச் செய்வதே சரியா என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு வல்லுநர் குழு 2012-இல் வேண்டாம் என்றது. 2018-இல் 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. பேசி என்பதுதான் அதில் முக்கியம்.

டாம்சுலோசின் பற்றி மூன்று விஷயம். அதைச் சாப்பிட்டதும் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். முகப்பிலோ பட்டாலையிலோ படுத்துக்கொண்டு, அரைத்தூக்கத்தில் வளவைக் கடந்து, நிலைப்படி தாண்டிப் பின்கட்டுக்குப் போகிறீர்கள் என்றால் விழுவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரம் பட்டால் வழுக்கும். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் புராஸ்டேட்டைவிடப் பெரிய பிரச்சினை. கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள், வழியில் விளக்கு எரியட்டும், கொஞ்ச நாளைக்குப் படுக்கைப் பக்கத்திலேயே யூரின் பாட்டில் வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர், காபியைக் குறையுங்கள். அப்புறம், கண்புரை அறுவைக்குப் போனால் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். இது கண்மணித் திரையைத் தளர்த்திவிடும், அவர் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வார். மூன்றாவது, கடையில் வாங்கும் சளி மாத்திரை இனி வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் ஃபீனைல்எஃப்ரின் சிறுநீர்ப்பைக் கழுத்தை இறுக்கும், குளோர்ஃபெனிரமின் பை சுருங்கும் சக்தியைக் குறைக்கும். ஏற்கெனவே குறுகிய பாதைக்கு இரண்டும் சேர்ந்தால் அடைப்புதான். உங்களுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். சளி பிடித்தால் ஆவி பிடியுங்கள், மாத்திரை வேண்டுமென்றால் புராஸ்டேட் வீக்கம் இருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள்.

மறுபடி அடைத்தாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரில் ரத்தக் கட்டி வந்தாலோ, கால் மரத்து பலம் குறைந்தாலோ எந்த வாரக் கணக்கும் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நத்தத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள், ஸ்கேன், முகாம் ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, எது அதில் அடங்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய போன வருட ரிப்போர்ட்டோடும், மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த பி.எஸ்.ஏ. எங்காவது இருந்தால் அதோடும்.